இருந்தது இருந்தபடி

மே 9, செவ்வாய்

தோசைக்கு ஊறப்போட்டேன். வெயில் ஏறுவதற்குள் வடகத்தைப் புரட்டிப் போட்டேன். பதினொரு மணி வாக்கில் மதுரையிலிருந்து போன். பிரதிவாதியின் மகள் சுபாஷிணி. "அத்தை" என்றாள். அதற்கு மேல் பேச வரவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ வாங்கித் தகவலைச் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

போகவில்லை. பஸ் கிடையாது.

மே 10, புதன்

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் காலையிலேயே வந்து வாசலில் நின்றாள்.

"எக்கா, மதுரைக்குப் போகலையா?"

"பஸ் இல்ல."

"அரை மணிக்கு ஒண்ணு போவுதே! எம் மருமகன் கண்டக்டர்லா?"

"ஒம் மருமகன் பஸ்ஸுல நான் ஏற மாட்டேன். மீதிச் சில்லறை தர மாட்டான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். ஊறின அரிசி வீணாகக்கூடாது என்று அரைத்தேன். நிறைய வந்துவிட்டது.

மே 13, சனி

நேற்று மறுபடி ஆவுடையம்மாள். "ஒண்ணு கேட்டா கோவப்படக்கூடாது. செவ்வாக்கிழம மத்தியானம் ஒங்க மச்சுல யாரோ செருமுன மாதிரி கேட்டுச்சு. தம்பி வந்திருக்காவன்னு நெனச்சேன். பொறவுதான் சேதி தெரிஞ்சுது."

மரநாய் என்று சொன்னேன். ஓட்டு வீடுகளில் மரநாய் குடியிருப்பது தென்காசியில் புதிதல்ல.

இந்த வீட்டின் நிலையை எழுதி வைக்கிறேன். கீழ்வீடு என் சுவாதீனம். மச்சில் உள்ள ஓர் அறை பிரதிவாதியின் சுவாதீனம். பூட்டும் சாவியும் அவனுடையவை. மச்சுக்கு ஏறும் படிகள் என் அடுக்களையை ஒட்டி இருப்பதால் அவை என் பக்கம். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை தூக்கிப் படுக்க வைத்தது நான். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதும் நான். அவன் மதுரையில் வேலை பார்த்தான், பொங்கலுக்கு வந்தான், போனான். காரியம் முடிந்ததும் பாதி வீடு தன்னுடையது என்றான். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்றான். மறுவாரமே வழக்குப் போட்டேன். அன்றிலிருந்து இந்த நோட்டில் அவனைப் பிரதிவாதி என்றுதான் எழுதுகிறேன். வழக்கு நடக்கும்போது உறவுமுறையை எழுதினால் கை தளர்ந்துவிடும்.

முதல் வாய்தாவிலேயே நீதிபதி உத்தரவு போட்டார். அன்றிருந்த என் வக்கீல் வெளியே வந்து கையைத் தட்டி, "அம்மா, ஸ்டேட்டஸ் கோ வாங்கிட்டோம்!" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கடைத்தெருவில் அல்வா வாங்கினேன். வெளியே வந்தால் பிரதிவாதியின் கையிலும் அதே கடைப் பொட்டலம். அவன் வக்கீலும் அவனிடம் அதையேதான் சொல்லியிருந்தார்.

மே 14, ஞாயிறு

அல்வா விஷயத்தை எழுதியபின் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

என் ஆங்கிலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதால் படித்தது. டிரங்க் கால் போட்டுக் கொடுத்துக்கொண்டே கலெக்டர்கள் பேசியதையும் எஸ்டேட் துரைமார் திட்டியதையும் கேட்டுப் படித்தது. சட்டம் பழைய புத்தகக் கடையில் படித்தது. வக்கீல்கள் மூவரை மாற்றியபின் நானே என் வழக்கை நடத்துகிறேன். ஆனால் இந்தச் சொல் ஆங்கில அகராதியில் இருந்தாலும் ஆங்கிலம் இல்லை, லத்தீன் என்று போட்டிருந்தது. 'தற்போதுள்ள நிலை' என்று பொருள் கொடுத்திருந்தார்கள். எனக்குத் திருப்தியில்லை. தற்போது என்றால் எப்போது?

மேலப் பள்ளிக்கூடத்தில் அப்போது வயதான ஃபாதர் ஒருவர் இருந்தார். குருமடத்தில் லத்தீன் படித்தவர். அவரிடம் உத்தரவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். "இது பாதி வாக்கியம்மா. 'எந்த நிலையில்' அப்படின்னு மட்டும்தான் இருக்கு. மீதியை யாரும் சொல்றதில்ல. இதுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு. 'போருக்கு முன்னால் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில்'. ராஜாக்கள் சமாதானம் பேசும்போது எழுதுவாங்க. பிடிச்ச ஊரையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு, சண்டையே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போவாங்க."

"எங்களுக்குக் கொடுத்தது எது ஃபாதர்?"

"உங்களுக்கு அந்த 'முன்னால்' இல்ல. சண்டை எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்துல அப்படியே நில்லுங்கன்னு சொல்லியிருக்கார்."

இப்போது எல்லோரும் இந்தச் சொல்லைப் பேசுகிறார்கள். டிவியில் கட்சிக்காரர்கள் கூட்டணிக்குச் சொல்கிறார்கள். டாக்டரிடம் போனால் என் ரத்த அழுத்தம் ஸ்டேட்டஸ் கோ என்கிறார். யாரும் அதற்கு உட்பட்டு வாழ்ந்ததில்லை. நான் வாழ்கிறேன். அடுக்களைச் சுவரில் ஆணி அடித்ததில்லை. கிணற்றுக் கைப்பிடிச் சுவர் சரிந்தபோது கட்டவில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறேன். கொல்லையில் பலாமரம் தானாக வளர்ந்து சுவரை நெம்பியது. மரம் நீதிமன்ற அவமதிப்பு செய்கிறது என்று நான் மனுப் போட்டபோது கோர்ட்டே சிரித்தது. பிரதிவாதி மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, "அக்கா சொல்றது சரி. மரத்துக்கும் நோட்டீஸ் கொடுக்கணும்" என்றான். அதற்குப் பிறகுதான் எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மே 24, புதன்

இன்று மதுரையில் பதினாறாம் நாள் விசேஷம். நான் கேஸ் கட்டைத் தூசி தட்டினேன். எள்ளுருண்டை செய்யலாம் என்று கடையில் எள் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் புழு. சிற்றாற்றுப் பக்கம் போக வேலை இருந்தது. அப்படியே எள்ளை ஆற்றில் விட்டுவிட்டு முழுகி வந்தேன். வெயில் அப்படி.

மே 28, ஞாயிறு

சுபாஷிணி வந்தாள். தனியாக வந்தாள். நெற்றியும் மூக்கும் அப்படியே இருக்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒற்றைக் காலில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் அப்படித்தான் கழற்றுவான்.

"என்ன அத்தை, இளைச்சுட்டீங்க."

"வெயிலு."

"நான் எதுவும் கேட்கலை அத்தை. ஏன் வரலைன்னு அம்மாதான் கேட்டாங்க. நான் கேட்கமாட்டேன்." கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். "அப்பா ரூமை ஒரு தடவை திறந்து பார்த்துட்டுப் போயிடறேன். ஒண்ணும் எடுக்க மாட்டேன்."

"படி எம் பக்கத்துல இருக்கு."

"அதான் உங்ககிட்ட கேட்கறேன்."

"கோர்ட்டு உத்தரவு இருக்கு. இருந்தது இருந்தபடி இருக்கணும். அவன் அறையில அவனத் தவிர யாரும் போகக்கூடாது. நானே போனதில்ல."

"இருந்தவரே இல்லையே அத்தை."

பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவள் சாவியை மடியில் வைத்துக்கொண்டு குடித்தாள். பிறகு நிதானமாகப் பேசினாள். எனக்கு இந்த வீடு வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறோம். நீங்கள் இருக்கும்வரை இருங்கள். கேஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

"இப்ப சும்மா கெடைக்குதுன்னா இவ்வளவு காலம் நான் எதுக்கு நின்னேன்?" என்றேன்.

"அப்பாவும் அதேதான் சொல்வாங்க. 'உங்க அத்தை விட்டுக்கொடுத்தா நான் அடுத்த மாசம் என்ன பண்றது'ம்பாங்க."

அப்படியெல்லாம் அவன் சொல்லியிருக்க மாட்டான். அவளாகச் சேர்த்துச் சொல்கிறாள். சாவியோடு திரும்பிப் போய்விட்டாள். இட்லியும் பொடியும் கட்டிக் கொடுத்தேன். நேற்றும் மாவு நிறைய அரைத்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

சாரல் இறங்கிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுத் தரையில் தலை சாய்த்தேன். மச்சில் நாற்காலி இழுபட்டது. பிறகு செருமல். படியிறங்கும் முன் ஆள் இருக்கிறேன் என்று தெரிவிக்கச் செருமுவார்களே, அதுபோல.

நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். மூன்றாவது வார்த்தையில் ஆள் யாரென்று சொல்லிவிடுவேன்.

மரநாய்தான்.

ஜூன் 14, புதன்

கோடை விடுமுறைக்குப் பின் முதல் வாய்தா. எலுமிச்சை நிறப் புடவை. எங்கள் பெஞ்ச் வராந்தாவில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரதிவாதியின் வக்கீல் அரசு வக்கீலாகி வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தபின் அவனும் தானே வாதாடினான். ஆகவே இரண்டு பேரும் அழைக்கும்வரை அதில்தான் உட்காருவோம். பேச்சு கிடையாது. ஒரு வாய்தா அவன் கேட்பான், அடுத்தது நான் கேட்பேன். சில மாதம் அவன் எனக்கான ரத்த அழுத்த மாத்திரை அட்டைகளை மதுரையிலிருந்து வாங்கி வந்து பெஞ்சில் நடுவில் வைப்பான். எடுக்காவிட்டால் வீணாகும் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இன்று பெஞ்ச் முழுக்க ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நின்றுகொண்டேன்.

டவாலி சுடலைமுத்து வாசலுக்கு வந்து பெயர் கூப்பிட்டார். ஆளில்லாவிட்டால் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது முறை. அவருக்கு நல்ல தொண்டை. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடுகிறவர்.

"காந்திமதிநாதன்! காந்திமதிநாதன்! காந்திமதிநாதேன்..."

மூன்றாவது அழைப்பு வராந்தாக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. என்னைப் பார்த்தார். "என்னம்மா, தம்பியைக் காணும்?"

கட்சிக்காரர்களில் ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மற்றவர் கோர்ட்டுக்குச் சொல்லி, தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வழக்கு அற்றுப்போகும். வழக்கு அற்றால் உத்தரவும் போகும். இது எனக்குத் தெரியாதது அல்ல. கோர்ட்டு கேட்டால் சொல்வேன். கோர்ட்டு கேட்கவில்லை.

நீதிபதி புதிதாக வந்திருக்கும் பெண். சின்ன வயது. "எதிர்தரப்பு வரலை. நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"ஒரு வாய்தா வேணும் அம்மா."

"உங்களுக்கா?"

"பிரதிவாதிக்கு."

கொடுத்தார்.

ஜூன் 20, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. சுபாஷிணி போன் செய்தாள்.

"அத்தை, கோர்ட் விவரமெல்லாம் இப்ப போன்லயே வருது. 'பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜரில்லை, வாதி கேட்டதால் ஒத்திவைப்பு'ன்னு போட்டிருக்கு. நீங்க சொல்லலையா?"

"என்னத்த?"

அந்தப் பக்கம் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.  

"சரி அத்தை. மாத்திரை சாப்பிடறீங்களா? அப்பா உங்களுக்கு வாங்கி வச்ச அட்டை ரெண்டு இங்க இருக்கு. கூரியர்ல போடவா?"

கூரியர் எதற்கு, வாய்தாவுக்கு வரும்போது அவனே கொண்டுவரட்டும் என்று வாய் வரை வந்துவிட்டது. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 27, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. மேலே நடமாட்டம்.

ஜூலை 5, புதன்

சுடலைமுத்து மூன்று முறை கூப்பிட்டார். இம்முறை மூன்றாவதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் நீதிபதி, "இது ரொம்பப் பழைய கேஸ். இதை முடிக்கச் சொல்லி எனக்கு மேலேர்ந்து உத்தரவு. எதிர்தரப்பு ரெண்டு வாய்தாவா இல்ல. எக்ஸ் பார்ட்டி பண்ணிடறேன். நீங்க கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னா தீர்ப்பு உங்களுக்குத்தான்."

எக்ஸ் பார்ட்டி. அதுவும் லத்தீன். எதிராளி வராததால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பது. ஃபாதரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அகராதியே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

"இன்னும் ஒரு வாய்தா கொடுங்க. வருவான்."

பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். ஒருவர், "எதிரிக்கு இவ்வளவு நல்ல வக்கீல் கிடைச்சதே இல்ல" என்றார்.

நீதிபதி சிரிக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க வாதி. ஜெயிக்கறதுக்குத்தானே வழக்குப் போட்டீங்க? அடுத்த புதன் சாட்சி சொல்லுங்க. இல்லேன்னா கேஸைத் தள்ளுபடி பண்ணிடுவேன். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

ஜூலை 8, சனி

சாட்சி சொன்னால் ஜெயிப்பேன். உத்தரவு முடியும். சொல்லாவிட்டால் தோற்பேன். அப்போதும் உத்தரவு முடியும். உத்தரவை நீடிக்க வைக்க ஒரே வழிதான் இருக்கிறது. கோர்ட்டில் எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் சுபாஷிணியை அவன் இடத்தில் பிரதிவாதியாக எழுதிக்கொள்வார்கள். அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் அந்த வார்த்தையை எழுதுவார்கள். மற்ற கட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

ரசத்துக்குத் தாளிக்கும்போது மேலே நாற்காலி இழுபட்டது. படிப்பக்கம் பார்த்து, "புதன்கிழம ஒன்ன எக்ஸ் பார்ட்டி ஆக்கப் போறாவ, கேட்டியா? வந்தா வா" என்று சொன்னேன். சத்தம் நின்றது.

மரநாய்க்குச் சட்டம் தெரியாது.

ஜூலை 12, புதன்

மூன்று முறை கூப்பிட்டார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

தள்ளுபடி என்ற சொல்லைச் சொல்ல நீதிபதி வாயெடுத்தபோது என் கால் தானாகக் கூண்டில் ஏறிவிட்டது. தோற்க எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அப்பா இரண்டு பேரையும் அப்படி வளர்த்துவிட்டார்.

சத்தியப் பிரமாணம் எடுத்தேன். பத்திரங்களைக் குறியிட்டார்கள். கடைசியில் நீதிபதி கேட்டார்: "பிரதிவாதி உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி."

"எங்கே இருக்கார்?"

"மதுரையில இருந்தான்."

டைப் அடிப்பவர் அடித்தார். நீதிபதி மேலே ஏதோ கேட்க வாய் திறந்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

ஜூலை 19, புதன்

தீர்ப்பு. வீடு முழுக்க எனக்கு.

சுடலைமுத்து, "அம்மா, அல்வா எங்கே?" என்றார். அடுத்த தடவை என்றேன். "அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லியே, கேஸ்தான் முடிஞ்சிட்டே" என்று சிரித்தார்.

ஜூலை 20, வியாழன்

மேலே சத்தமில்லை.

ஜூலை 22, சனி

சத்தமில்லை. மத்தியானம் படியடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். சாரல் விட்டுவிட்டது, அதனால் மரநாய் காட்டுப் பக்கம் போயிருக்கலாம். ஆவுடையம்மாளிடம் கேட்டேன்.

"ஒங்க வீட்டுல இப்ப ஒண்ணுமே கேக்கலையேக்கா. நல்லதுதான். சாந்தி ஆயிட்டு."

"ஒன்னக் கேட்டேனா நல்லதா கெட்டதான்னு?"

"கேட்டிய. இப்பதான் கேட்டிய."

அவளிடம் இனிமேல் பேசுவதில்லை.

ஜூலை 24, திங்கள்

பேசாமல் இருக்க முடியவில்லை. தயிருக்கு உறை வாங்கப் போனேன். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. பாத்திரம் கீழே விழுந்தால் மச்சு வரைக்கும் போய்த் திரும்புகிறது. பூட்டை உடைத்து மேலே ஏற எனக்கு இப்போது உரிமை உண்டு. ஆசாரியைக் கூப்பிடவில்லை.

கிணற்றுச் சுவரைக் கட்டலாம். ஆணி அடிக்கலாம். சுத்தியலை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 26, புதன்

இன்று புதன். எலுமிச்சை நிறப் புடவையை உடுத்திவிட்டேன். தெருமுனை வரை போனபிறகுதான் வாய்தா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சும்மா போய்வரலாம் என்று நடந்து கோர்ட்டு வரை போய் வந்தேன்.

திரும்பி வந்து சட்டப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுத்தில் பார்க்க வேண்டும். தீர்ப்பு நாளில் ஒரு கட்சிக்காரர் உயிரோடு இல்லை என்றால், அவர் மேல் கொடுத்த தீர்ப்பு செல்லாது. கொடுத்தவர் யாராக இருந்தாலும் செல்லாது. பெற்றவர் யாராக இருந்தாலும் செல்லாது.

ஆகவே நான் பெற்ற தீர்ப்பு தப்பு. தப்பான தீர்ப்பை வைத்துக்கொண்டு நான் வாழ மாட்டேன். மதுரைக்குப் போன் போட்டேன்.

"அத்தை! ஜெயிச்சுட்டீங்களே. போன்ல பார்த்தேன்."

"செயிச்சது செல்லாது. ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடப் போறேன். அந்தச் சர்டிபிகேட் வேணும்."

"எந்த சர்டிபிகேட்?"

"அதான். முனிசிபாலிட்டியில கொடுப்பாவளே."

"வாயால சொல்லுங்க அத்தை, என்ன சர்டிபிகேட்னு. அப்பத்தான் தருவேன்."

அவன் மகள்தான். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

நான் சொல்லாமலேயே கொண்டுவந்தாள்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லி மேசையில் கவிழ்த்து வைத்தேன். கண்ணாடி தலையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எனக்குப் புரியலை அத்தை. வீட்டைச் சும்மா தர்றேன்னேன், வாங்கலை. கோர்ட்டே கொடுத்துச்சு, அதையும் வேண்டாங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வழக்கு பழையபடி நடக்கணும். அவன் இடத்துல ஒன்னப் பிரதிவாதியாச் சேக்கணும். ஒன் அம்மையையும். மாசாமாசம் வரணும்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.  "அப்பா புதன்கிழமை வந்தா எந்த பஸ்ல வருவாங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

பிறகு நானே சொன்னேன். "தீர்ப்பு இருக்கிற வரைக்கும் ஸ்டேட்டஸ் கோ இல்ல. மனுவ நாளைக்குத்தான் எழுதப் போறேன். இன்னைக்கு ஒரு நாள் எந்த உத்தரவும் கெடையாது. சாவி வச்சிருக்கியா?"

அவள் முன்னால் ஏறினாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தோம். உள்ளே ஒன்றுமில்லை. கயிற்றுக் கட்டில், சுருட்டிய ஜமுக்காளம், ஒரு நாற்காலி. நாற்காலி ஜன்னல் பக்கம் இருந்தது. அதில் உட்கார்ந்தால் என் கொல்லை தெரியும், நான் துணி காயப்போடும் இடம் தெரியும். ஓட்டைப் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். மரநாய் வந்து போன அடையாளம் எங்கேயும் இல்லை. எச்சம் இல்லை, முடி இல்லை. தரையில் தூசி போர்த்தியதுபோல் கிடந்தது. எங்கள் இருவரின் காலடி மட்டும்தான் அதில் விழுந்தது.

"ஏதாவது எடுத்துக்க" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

கட்டிலைத் தட்டி ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து குழம்பு வைத்தேன். மேலே கட்டில் முனகியது. அவள் புரண்டு படுத்தாள். தும்மினாள். ஒருதரம் அழுதாள் என்று நினைக்கிறேன். பிறகு தூங்கிவிட்டாள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்று இலை போடாமல் காத்திருந்தேன்.

சாயங்காலம் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நோட்டீஸ் அனுப்புங்க அத்தை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். ஆனா முதல் வாய்தாவுல நான்தான் அவகாசம் கேட்பேன்."

"கேளு. சட்டத்துல எடம் உண்டு."

ஜூலை 31, திங்கள்

மனு எழுத உட்கார்ந்தேன். தொண்ணூறு நாள் இன்னும் முடியவில்லை. வேண்டுதல் பகுதியை முதலில் எழுதினேன், அது சுலபம். தீர்ப்பை ரத்து செய்க. வாரிசுகளைச் சேர்க்க. முன்னிருந்த உத்தரவைத் திரும்பக் கொடுக்க.

பிறகு சங்கதிகள். சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்துத் தேதியை எடுத்தேன். எங்கள் கோர்ட்டு மனுக்களில் காலமானார் என்றுதான் எழுதுவார்கள். நான் எழுதியது இது:

"மேற்படி பிரதிவாதி காந்திமதிநாதன் மே மாதம் ஒன்பதாம் தேதி மதுரையில் செத்துப்போனான்."

மரியாதையாக இல்லை என்று தாளை மாற்ற எடுத்தேன். மாற்றவில்லை. என் தம்பி, நான் எப்படியும் எழுதுவேன். எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். அடுப்பில் வைத்த பால் வற்றிப் பாத்திரம் பிடித்துவிட்டது. தேய்த்து வைத்தேன்.

கடைசிப் பத்தி ஒன்று மீதி. இது தெரிந்தும் இத்தனை வாய்தாக்களில் கோர்ட்டுக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். தகவல் கிடைக்கவில்லை என்று எழுதினால் பொய். உடல்நலமில்லை என்று எழுதுவது வக்கீல்களின் வழக்கம், அதுவும் பொய். நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறவள். பொழுது சாயும்வரை பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்.

"வாதிக்குத் தகவல் அன்றே கிடைத்தது. வாதி நம்பவில்லை."